வாடல் என்ற ஒற்றைச் சொல்



மிளகாய் வயலில் நேற்று மாலை வரை நிமிர்ந்து நின்ற ஒரு செடி இன்று காலை இலை தொங்கி நிற்கிறது. அண்டைச் செடிகள் செழிப்பாக இருக்கின்றன. இரண்டு நாளில் அது சருகாகிவிடுகிறது. ஒரு வாரத்தில் அதே வரிசையில் மேலும் பத்துச் செடிகள் தொங்குகின்றன. இதை நாம் வாடல் நோய் என்கிறோம். மெக்சிகோவின் நடு மேட்டுநில மாநிலங்களில் இதை 'செக்கதேரா' என்பார்கள்; காய்ந்துபோவது என்று பொருள். அமெரிக்காவின் நியூமெக்சிகோ மாநிலத்தில் 'சில்லி வாடல்' என்ற பெயர் நூறு ஆண்டுக்கு மேலாக வழங்குகிறது. மூன்று மொழிகளிலும் பெயர் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறது, வேருக்கு நேர்ந்ததைச் சொல்லவில்லை. இன்று நான் வாதிட வந்தது இதைத்தான்: வாடல் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஏழெட்டு வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. அவை வரும் வழியும் பரவும் விதமும் வேறு, கட்டுப்படும் முறையும் வேறு. ஒன்றுக்கு மருந்தாகும் செயல் இன்னொன்றுக்கு உரமாகிவிடும். ஆகவே வேரைத் தோண்டிப் பார்த்து, எது என்று தெரிந்துகொள்ளும் முன் எதையும் ஊற்றக் கூடாது. நாட்டு மிளகாய் வகைகளைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கு இது மற்ற எவரையும்விட முக்கியம்.

நாட்டு மிளகாய் என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். மிளகாய் மெக்சிகோவில் காட்டுச் செடியாக இருந்து மனிதன் கைக்கு வந்தது. அதன் காட்டு மூதாதையான சில்டெப்பின் என்னும் சிறு உருண்டைக் காய் இன்றும் அங்கே புதர்களில் விளைகிறது. நியூமெக்சிகோவின் வடபகுதி மலைக் கிராமங்களுக்கு மிளகாய் ஸ்பானியர்களோடு போனது. இந்தியாவுக்குப் போர்ச்சுக்கீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் வந்தது. அப்படியானால் அந்த மலைக் கிராமங்களுள் ஒன்றான சிமாயோ ஊரின் மிளகாயையும், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நமது இராமநாதபுரம் முண்டு மிளகாயையும் நாட்டு வகை என்று எப்படிச் சொல்கிறோம்? விதை உழவர் வீட்டை விட்டு வெளியே போகாமல், அந்த மண்ணிலும் அந்த வெயிலிலும் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்டது என்பதால்தான். இந்த வரையறையில்தான் ஆபத்தும் இருக்கிறது. கடையில் வாங்கிய கலப்பின விதை ஒரு வயலில் செத்தால் அடுத்த ஆண்டு அதே விதை கடையில் கிடைக்கும். ஓக்சாக்கா மாநிலத்துக் குயிக்காட்லான் பள்ளத்தாக்கில் விளையும் சில்வாக்லே மிளகாயைச் சிலரே பயிரிடுகிறார்கள்; அங்கத்திய புகழ்பெற்ற கருங்குழம்பு அதைக் கொண்டுதான் செய்யப்படுகிறது. அப்படிப்பட்ட ஒரு வகை இரண்டு மூன்று ஆண்டு தொடர்ந்து வாடிச் செத்து, உழவர் மனம் வெறுத்து வேறு பயிருக்குப் போனால் விதை அந்த வீட்டோடு முடிந்துவிடும். நோய்க்குத் தவறான பெயர் வைத்தால் கலப்பின வயலில் நட்டம் பணத்தோடு போகும். நாட்டு வகையில் பயிர் இனமே போகும்.

பெயர் எப்படித் தவறும் என்பதற்கு நியூமெக்சிகோவின் லாஸ் குரூசஸ் நகரில் நடந்ததைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அங்கிருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பாபியான் கார்சியா உள்ளூர் மிளகாய்களிலிருந்து தெரிந்தெடுத்து ஒன்பதாம் எண் வகையை உருவாக்கினார். 1921-இல் வந்த அவருடைய வெளியீட்டின் தலைப்பே அதை நாட்டு மிளகாயின் திருந்திய வகை என்றுதான் அழைக்கிறது. அதே நிலையத்தில் லியோன் லியோனியன் என்ற நோயியல் அறிஞர் வாடும் செடிகளை ஆராய்ந்தார். 1919-இல் அவர் வெளியிட்ட அறிக்கை, மிளகாய் வாடலுக்குக் காரணம் பியூசேரியம் என்னும் பூஞ்சாணம் என்றது. மூன்று ஆண்டு கழித்து, 1922-இல், அதே அறிஞர் அதே வட்டாரத்து மிளகாயிலிருந்து முற்றிலும் வேறான ஓர் உயிரியைப் பிரித்தெடுத்துப் 'பைட்டோப்தோரா கேப்சிசி' என்று பெயரிட்டார். அதை அறிவித்த கட்டுரையின் தலைப்பு தண்டும் காயும் கருகுவதைப் பற்றியது. தலைப்பில் வேர் என்ற சொல்லே இல்லை. தண்டிலும் காயிலும்தான் அவர் அதைக் கண்டார். ஆனால் பின்னர் வந்த பல பத்தாண்டு ஆய்வுகள் அங்கே மிளகாயின் வேரை அழுகச் செய்து செடியை வாடவைப்பதில் முதலிடம் இந்தப் பைட்டோப்தோராவுக்கே என்று காட்டின. இன்று அந்த மாநிலத்தில் 'சில்லி வாடல்' என்றாலே பெரும்பாலும் இதைத்தான் குறிக்கிறார்கள். ஒரே வட்டாரத்தில், ஒரே பயிரில், கைதேர்ந்த ஒருவர் நுண்ணோக்கியோடு உட்கார்ந்தும், காயையும் தண்டையும் கருக்கியதே வேரையும் கொல்கிறது என்பது உடனே விளங்கவில்லை. இது லியோனியனின் குறையைச் சொல்லும் கதையாகாது. பியூசேரியமும் மிளகாயை வாடவைப்பது உண்மைதான். வேர் நோய் எவ்வளவு எளிதாக ஏமாற்றும் என்பதற்கு அளவுகோல் இது.

பியூசேரியமாக இருந்தால் என்ன, பைட்டோப்தோராவாக இருந்தால் என்ன, இரண்டும் பூஞ்சாணம்தானே என்று கேட்கலாம். இங்கேதான் சிக்கல் ஆழமாகிறது. பைட்டோப்தோரா பூஞ்சாணமே இல்லை. இழை இழையாக வளர்வதாலும் வித்து விடுவதாலும் நெடுங்காலம் அதைப் பூஞ்சாணம் என்றே எண்ணினார்கள். உறவில் அது பழுப்புக் கடற்பாசிகளுக்கும் டயட்டம் என்னும் நுண்பாசிகளுக்கும் நெருக்கம். உண்மைப் பூஞ்சாணத்தின் செல்சுவரில் கைட்டின் இருக்கிறது. நண்டின் ஓட்டிலும் பூச்சியின் தோலிலும் இருக்கும் அதே பொருள். பைட்டோப்தோராவின் செல்சுவரிலோ செடிகளைப் போலச் செல்லுலோஸ் இருக்கிறது. பூஞ்சாணம் தன் செல்சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பைத் தானே செய்துகொள்கிறது, பைட்டோப்தோரா அதைச் செய்வதில்லை. இந்த வேறுபாடு பாடப்புத்தகத்தோடு நின்றுவிடுவதில்லை, உழவரின் பணப்பை வரைக்கும் வருகிறது. எர்கோஸ்டெரால் உற்பத்தியைத் தடுத்துப் பூஞ்சாணத்தைக் கொல்லும் மருந்துகளுக்குப் பைட்டோப்தோராவிடம் பிடிப்பே கிடையாது. கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுக்கும் கார்பெண்டாசிம் பியூசேரியத்தைத் தாக்கும், பைட்டோப்தோராவை ஒன்றும் செய்யாது. பைட்டோப்தோராவைத் தாக்கும் மெட்டலாக்சில் பியூசேரியத்தை ஒன்றும் செய்யாது. 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்தது இதே பேரினத்தின் இன்னோர் இனம். 1876-இல் தாவரவியல் அறிஞர் டி பாரி இந்தப் பேரினத்துக்குப் 'பைட்டோப்தோரா' என்று கிரேக்க மொழியில் பெயர் வைத்தார்; செடியை அழிப்பது என்று பொருள்.

தமிழருக்கு இதில் ஒரு நேரான தொடர்பும் உண்டு. மிளகைப் போலக் காரமாக இருந்த புதிய காயை நம் முன்னோர் மிளகாய் என்றார்கள். உறவில் மிளகுக்கும் மிளகாய்க்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஒன்று கொடி, மற்றொன்று கத்தரிக் குடும்பத்துச் செடி. ஆனால் மிளகாயின் பெயரையே தாங்கிய இந்தக் கேப்சிசி, வயநாட்டிலும் குடகிலும் இடுக்கியிலும் மிளகுக் கொடியின் அடியை அழுகவைத்துக் கொடியையே சில நாளில் வீழ்த்தும் விரைவு வாடலோடும் சேர்த்துப் பேசப்படுகிறது. அந்த நோய்க்குக் காரணமான இனத்தின் பெயரும் ஆய்வு வளர வளர ஒன்றுக்கு மேற்பட்ட முறை திருத்தப்பட்டது. அடையாளம் காண்பது ஒரே நாளில் முடியும் வேலை என்று நினைப்பவர்கள் அந்த வரலாற்றையும் படிக்க வேண்டும்.

வாடும் செடியைப் பார்த்தவுடன் எந்த உழவருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: தாகம். இலை தொங்குகிறது, வெயில் கொளுத்துகிறது, மடையைத் திறந்துவிடுகிறார். அந்த ஒரு செயலைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் பைட்டோப்தோராவாக இருந்தால் வயலை முடித்துவைப்பது அதுதான். அந்த உயிரி ஈரத்தில் எலுமிச்சை வடிவச் சிறு பைகளை விடுகிறது. மண்ணில் தண்ணீர் நிற்கும்போது ஒவ்வொரு பையும் வெடித்து நீந்தும் வித்துகள் வெளியே வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நுண்ணிய வால்கள். மண்துகள்களுக்கு இடையே நிரம்பிய நீரில் அவை நீந்துகின்றன. வேர் கசியும் சத்துகளின் வாசனையை நோக்கித் திரும்பி, வேரில் ஒட்டி, வாலை உதிர்த்து, முளைத்து உள்ளே நுழைகின்றன. தானாக நீந்திப் போகும் தூரம் குறைவு. ஆனால் பாயும் தண்ணீர் சாலின் தலையிலிருந்து கடைசி வரை அவற்றை ஏற்றிக்கொண்டு போகும். சில மணி நேரம் தண்ணீர் தேங்கினாலே போதும். வேர் அழுகிய செடிக்குத் தண்ணீரைச் சுற்றிலும் நிறுத்தினாலும் உறிஞ்ச உறுப்பில்லை. ஆக, தாகத்துக்கு என்று விட்ட தண்ணீர் செத்த செடிக்கு உதவாமல், சாகாத செடிகளுக்கு நோயைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நியூமெக்சிகோவில் பாசனத்தை ஆராய்ந்தவர்கள் ஒரு சால் விட்டு ஒரு சாலில் தண்ணீர் விட்டபோது இந்த நோய் குறைந்ததைக் கண்டதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் வயலில் நின்று என்ன பார்க்க வேண்டும்? செடியைக் கிட்டப் பார்க்கும் முன் வரப்பில் நின்று வயலின் கோலத்தைப் பாருங்கள் என்பேன். வாடல் கடைமடையில், பள்ளத்தில், தண்ணீர் தேங்கும் மூலையில் தொடங்கிச் சால் போகும் திசையிலேயே நீள்கிறதா? பெருமழைக்கோ கனமான பாசனத்துக்கோ பின் சில நாளில் வந்ததா? பைட்டோப்தோரா மேல் சந்தேகம் வையுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக, மேடு பள்ளம் பாராமல், தனித்தனிச் செடிகளாகச் சாகின்றனவா? ரைசோக்டோனியா என்னும் பூஞ்சாணம் அப்படித்தான் செய்யும். வட்ட வட்டமாகத் திட்டுகள் தோன்றி, அங்கே செடிகள் வாடுவதற்கு முன்பே குன்றியும் வெளிறியும் நின்றனவா? நூற்புழுவின் வழக்கமான முகம் அது. நண்பகலில் தொங்கிய செடி மாலையில் நிமிர்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். பியூசேரியத்திலும் நூற்புழுவிலும் இப்படிப் பல நாள் தொங்குவதும் நிமிர்வதுமாக இருந்து, அடியிலைகள் மஞ்சளாகி, சில நேரம் செடியின் ஒரு பக்கம் மட்டும் முதலில் வாடி, பிறகே முழுச்செடி சாகும். பைட்டோப்தோராவில் இலை மஞ்சளாக நேரம் கிடைப்பதில்லை. பச்சையாகவே தொங்கிக் காய்ந்துவிடும்.

இத்தனையும் ஐயம் மட்டுமே. தீர்ப்பு மண்ணுக்கு அடியில் இருக்கிறது. செடியைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் அழுகிய சல்லிவேர்கள் மண்ணிலேயே நின்றுவிடும். நீங்கள் பார்க்க வேண்டியது அவற்றைத்தான். மண்வெட்டியால் சுற்றிலும் தோண்டி, மண்ணோடு தூக்கி, வாளித் தண்ணீரில் மெல்ல அலச வேண்டும். ஆணிவேர் ஊறிப் பழுப்பாகி, சல்லிவேர் அநேகமாக இல்லாமல், மண்மட்டத்தில் தண்டைச் சுற்றி வளையமாகக் கருமை ஏறியிருந்தால் பைட்டோப்தோரா. கிளை பிரியும் கவட்டில் கருங்கோடும், தரையைத் தொட்ட காயில் வெண்பொடி பூத்த ஊறல் புள்ளியும் இருந்தால் ஐயம் மேலும் வலுக்கும். வேரின் மேற்பட்டை உறைபோல் கழன்று நடு நரம்பு மட்டும் எலிவால் மாதிரி மிஞ்சினால் பித்தியம்; நாற்றங்காலில் நாற்று மடிந்து விழுவதற்கும் அது முக்கியக் காரணம். ஆணிவேரிலும் தண்டின் அடியிலும் செம்பழுப்பு நிறத்தில், உலர்ந்து, உள்வாங்கிய புண்கள் ரைசோக்டோனியாவைக் காட்டும். தண்டடியில் வெள்ளைப் பஞ்சு இழையும் அதன்மேல் கடுகுமணி போன்ற உருண்டைகளும் தெரிந்தால் ஸ்கிளிரோஷியம். வாடல் நோய்களில் வெறுங்கண்ணால் உறுதியாகச் சொல்லக்கூடியது அநேகமாக இது ஒன்றுதான். வேரில் முடிச்சுகள் இருந்தால் நூற்புழு. வெளியில் வேர் பார்க்க நன்றாக இருந்தால் கத்தியை எடுத்து அடித்தண்டை நீளவாட்டில் பிளக்க வேண்டும். பட்டைக்கு உள்ளே சாறு ஏறும் குழாய்கள் மட்டும் பழுப்புக் கோடாக மேலே ஓடினால் பியூசேரியம் அல்லது, குளிர்ந்த நிலங்களில், வெர்டிசிலியம் என்னும் இன்னொரு பூஞ்சாணம். இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. அடித்தண்டில் ஒரு துண்டை வெட்டிக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் வெட்டுவாய் கீழே இருக்கும்படி பிடித்தால், சில நிமிடங்களில் பால்போன்ற இழை நீரில் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் அது பாக்டீரியா வாடல். பூஞ்சாணத்துக்கான எந்த மருந்துக்கும் அங்கே வேலையில்லை. குவளையும் தண்ணீரும் மட்டும் கேட்கும் இந்தச் சோதனையை ஒவ்வொரு மிளகாய் உழவரும் கற்றிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டால் ஐயம் தீர்ந்துவிடும் அல்லவா என்று நினைக்கலாம். ஆய்வகமும் ஏமாறும், அதற்குக் காரணம் பெரும்பாலும் நாம் அனுப்பும் செடி. முழுதாகக் காய்ந்த செடியைத்தான் மக்கள் கொண்டுவருகிறார்கள், ஏனென்றால் அதில்தான் நோய் தெளிவாகத் தெரிகிறது என்று எண்ணுகிறார்கள். ஆனால் கொன்றது வேறு, பிணத்தின்மேல் குடியேறியது வேறு. மண்ணில் பியூசேரியத்தின் எத்தனையோ வகைகள் சாது உயிரிகளாக, அழுகியதைத் தின்று வாழ்கின்றன. வேர் செத்த மறுகணம் அவை உள்ளே புகும். அந்த வேரை வழக்கமான உருளைக்கிழங்கு ஊடகத்தில் வைத்தால் வேகமாக வளர்ந்து தட்டை நிரப்புவது பியூசேரியம்தான். பைட்டோப்தோரா அதன் அடியில் மூச்சுத்திணறி மறைந்துவிடும். தட்டைப் பார்த்தவர் பியூசேரியம் என்று எழுதுவார். அவர் பொய் எழுதவில்லை, தட்டில் இருந்ததை எழுதினார். வேர் நோய் அறிக்கைகளில் பியூசேரியம் அடிக்கடி தலைகாட்டுவதற்கு அதன் கொடுமை மட்டும் காரணமில்லை, அதன் வேகமும் ஒரு காரணம். பைட்டோப்தோராவைத் தேடுபவர் வேறு ஊடகம் வைக்க வேண்டும். அதில் பிமாரிசின் என்ற மருந்து கலந்திருக்கும்; அது எர்கோஸ்டெராலைப் பற்றிக்கொண்டு உண்மைப் பூஞ்சாணங்களை வளரவிடாது. எர்கோஸ்டெரால் இல்லாத பைட்டோப்தோரா மட்டும் தப்பி வளரும். நான் முன்பு சொன்ன அதே வேதியியல் வேறுபாடு இங்கே ஆய்வாளருக்குச் சல்லடையாகிறது. பைட்டோப்தோராவின் உறவான பித்தியமும் தப்பிவிடும் என்பதால் அதை அடக்க ஹைமெக்சசாலும் சேர்ப்பார்கள். மண்ணில் இருக்கிறதா என்று பார்க்க இன்னும் அழகான வழி ஒன்று உண்டு. மண்ணைத் தட்டில் இட்டுத் தண்ணீர் நிரப்பி, மிளகாய் இலையிலிருந்து வெட்டிய சிறு வட்டங்களை மிதக்கவிட்டால் நீந்தும் வித்துகள் தாமாகவே இலையைத் தேடி வந்து பற்றும். இரையை வைத்து மீனைப் பிடிப்பது போலத்தான் இது.

தட்டில் வளர்ந்தது எதுவாயினும் ஒரு கேள்வி மிஞ்சும்: இதுதான் கொன்றதா? அதற்குப் பழைய முறைக்கு மாற்றில்லை. வளர்ந்ததைத் தனியாகப் பிரித்து, நலமான அதே நாட்டு வகைச் செடியின் மண்ணில் செலுத்தி, அதே அறிகுறிகள் வருகின்றனவா என்று பார்த்து, அந்தச் செடியிலிருந்து அதே உயிரியை மறுபடி பிரித்தெடுக்க வேண்டும். இன்று மரபணுச் சோதனை இருக்கிறதே, சில மணி நேரத்தில் இனத்தின் பெயரே வந்துவிடுமே என்பார்கள். வரவேற்கிறேன். ஆனால் மரபணுச் சோதனை நாம் கேட்டதற்கு மட்டுமே விடை சொல்லும். பியூசேரியம் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றே அநேகமாகச் சொல்லும், ஏனென்றால் அது எங்கும் இருக்கிறது. இருப்பது வேறு, கொன்றது வேறு. அந்த இடைவெளியை நிரப்ப வயலின் கோலமும் வேரின் தோற்றமும் வேண்டும்.

இப்போது உழவர் பக்கத்திலிருந்து வரும் எதிர்வாதத்தைக் கேட்போம். அது வலுவானது. "செடி இன்று சாகிறது, அறிக்கை அடுத்த வாரம் வரும். இரண்டு மருந்தையும் கலந்து ஊற்றிவிட்டால் எதுவாயிருந்தாலும் ஒன்று பிடிக்குமே." அவசரம் உண்மை என்பதை மறுக்க முடியாது. ஆனால் வாடிவிட்ட செடியை எந்த மருந்தும் நிமிர்த்தாது, வேர் திரும்பி முளைக்காது. நாம் காப்பாற்ற நினைப்பது இன்னும் வாடாத அண்டைச் செடிகளை. அவற்றை இன்றே காப்பாற்றும் செயல், கலவை மருந்தைவிடத் தண்ணீரை நிறுத்துவதும், வாடிய இடத்துக்கு மேலே சாலை வெட்டி வடியவிடுவதும், அந்த மண்ணோடு காலும் கருவியும் வேறு பாத்திக்குப் போகாமல் பார்ப்பதும்தான். அதற்கு அறிக்கை தேவையில்லை, வேரைத் தோண்டிப் பார்த்த அரைமணி நேரம் போதும். கலவை ஊற்றினால், பாக்டீரியா வாடலுக்கும் நூற்புழுவுக்கும் அது எட்டாது. கார்பெண்டாசிம் மண்ணில் நமக்காக வேலை செய்யும் டிரைக்கோடெர்மா என்னும் பூஞ்சாணத்தையும் சேர்த்து அடிக்கும். மெட்டலாக்சிலைத் தேவையில்லாமல் ஊற்ற ஊற்ற அதற்கு அடங்காத கேப்சிசி பெருகும். அமெரிக்கக் காய்கறி வயல்களில் ஏற்கெனவே அப்படி ஆகியிருக்கிறது. இருட்டில் சுட்டு ஒரு தோட்டாவை வீணாக்கினால் பகலில் சுட அது இருக்காது.

இன்னொரு எதிர்வாதம் வேளாண் விரிவாக்கப் பணியாளரிடமிருந்து வரும். எல்லா வேர் நோய்க்கும் அறிவுரை ஒன்றுதானே: வடிகால், மேட்டுப்பாத்தி, பயிர்ச் சுழற்சி, பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது? வடிகாலும் மேட்டுப்பாத்தியும் நல்லதே, மறுப்பில்லை. பயிர்ச் சுழற்சி என்ற சொல்லில்தான் பொறி இருக்கிறது. எந்தப் பயிரோடு சுழற்றுவது? மெக்சிகோ உழவரின் பழம்பெரும் கூட்டுப்பயிர் முறையான மில்பாவில் மக்காச்சோளம், அவரை, பூசணி மூன்றும் இருக்கும். பைட்டோப்தோரா கேப்சிசிக்கு மக்காச்சோளம் பிடிக்காது. பூசணியோ மிளகாய்க்கு நிகரான விருந்து. தக்காளியும் கத்தரியும் அதற்கு உணவு. ரைசோக்டோனியா அவரையில் வாழும். வெர்டிசிலியம் தக்காளியிலும் உருளைக்கிழங்கிலும் பருத்தியிலும் வாழும். அதன் நுண்கரு உருண்டைகள் மண்ணில் பத்து ஆண்டுக்கு மேலும் கிடக்கும். மிளகாய்க்கே உரிய பியூசேரியம் வேறு பயிர்களில் பெரிதாகத் தீங்கு செய்யாமல் காத்திருக்கும். ஆக, பெயர் தெரியாமல் சுழற்றினால், எதிரிக்குச் சோறு போட்டுவிட்டுப் பட்டினி போட்டதாக நினைத்துக்கொண்டிருப்போம். தண்ணீர் விஷயமும் அப்படியே. பைட்டோப்தோராவுக்குத் தண்ணீரைக் குறைக்க வேண்டும். ஆனால் வறண்ட சூட்டில் தலையெடுக்கும் மேக்ரோபோமினா அழுகலில் தண்ணீரைக் குறைப்பது நோயைக் கூட்டும்.

கடைசியாக, நாட்டு வகைகளை உயிராக நேசிப்பவர்கள் சொல்வது ஒன்று உண்டு. நாட்டு விதைக்கு இயற்கையிலேயே நோய் எதிர்ப்பு இருக்கிறது, அதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி என்கிறார்கள். அவர்கள் பக்கம் ஒரு பெரிய சான்று நிற்கிறது. மெக்சிகோவின் மொரேலோஸ் மாநிலத்து நாட்டு மிளகாயிலிருந்து எடுக்கப்பட்ட 'கிரியோயோ தே மொரேலோஸ் 334' என்னும் வரிசை, பைட்டோப்தோரா கேப்சிசிக்கு உலகில் அறியப்பட்ட மிக வலுவான எதிர்ப்பைக் கொண்டது. காய் சிறியது, சந்தையில் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் உலகெங்கும் புதிய மிளகாய் வகைகளை உருவாக்குவோர் அதை நாடுகிறார்கள். 2014-இல் மிளகாயின் மரபணுத் தொகுதி படிக்கப்பட்டபோது ஓர் அறிவியலாளர் குழு தேர்ந்தெடுத்த செடியும் அதுதான். இதில் எனக்குப் பெருமகிழ்ச்சி உண்டு. ஆனால் இந்தச் சான்றை முழுவதுமாகப் படிக்க வேண்டும். மொரேலோஸில் ஒரு வரிசைக்கு இருப்பது சிமாயோவுக்கோ சில்வாக்லேவுக்கோ முண்டுவுக்கோ இருக்கிறது என்று ஆகாது. எதிர்ப்பு ஒவ்வொரு வகையிலும் தனித்தனியே சோதித்து அறிய வேண்டியது. வேர் அழுகலுக்கு எதிர்ப்பு ஒரு மரபணுக் கூட்டத்தில் இருக்கிறது, தண்டு கருகலுக்கும் இலை கருகலுக்கும் வேறு கூட்டங்களில் இருக்கிறது. ஒன்றை வெல்லும் செடி மற்றொன்றில் சாகலாம். கேப்சிசியிலேயே பல திரிபுகள் உண்டு, ஒரு திரிபை வென்ற செடி இன்னொன்றிடம் தோற்கும்.

அந்த மாபெரும் 334-க்கே மெக்சிகோவில் நேர்ந்தது இந்த உரையில் நான் சொல்லக்கூடிய மிக முக்கியமான உண்மை என்று நினைக்கிறேன். அங்கே நக்கோபஸ் அபெரான்ஸ் என்றொரு நூற்புழு மண்ணில் இருக்கிறது. வேரில் பொய்முடிச்சு உண்டாக்கும். அந்தப் புழு முதலில் வேரைத் தாக்கிவிட்டால், 334-இன் எதிர்ப்பு உடைந்து பைட்டோப்தோரா உள்ளே புகுந்துவிடுகிறது என்று மெக்சிகோ ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தனியாக வந்த பைட்டோப்தோராவைத் தடுத்த அதே செடி, புழுவோடு வந்த பைட்டோப்தோராவிடம் வீழ்கிறது. இப்போது அந்த வேரை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பைட்டோப்தோரா இருக்கிறதா என்று மட்டும் கேட்டால், ஆம் என்று சரியான விடை வரும். மெட்டலாக்சில் ஊற்றுவோம். விதை மோசம் என்று முடிவுகட்டி நாட்டு வகையைக் கைவிடவும் செய்வோம். கதவைத் திறந்துவிட்ட புழு மண்ணிலேயே இருக்கும். அடையாளம் காண்பது என்றால் ஒரு பெயரைக் கண்டுபிடித்ததும் நிறுத்திக்கொள்வதாகாது. யார் யார் சேர்ந்து வந்தார்கள், யார் முதலில் வந்தார் என்பதும் அதில் அடங்கும்.

அதனால் மாதிரி எடுப்பவர்களிடம் நான் கேட்பது இதைத்தான். முழுதும் செத்த செடியை எடுக்காதீர்கள். வாடல் இப்போதுதான் தொடங்கிய செடியும், அதற்கு அடுத்து இன்னும் நலமாக நிற்கும் செடியும் இரண்டும் வேண்டும். நோயின் முன்னணி அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. மண்ணோடு தோண்டி எடுங்கள். நனைக்காமல் பையில் இட்டு, வெயிலிலும் வண்டியின் சூட்டிலும் வைக்காமல், அன்றோ மறுநாளோ கொண்டுபோய்ச் சேருங்கள். சூடேறிய பையில் பைட்டோப்தோரா செத்துப் பியூசேரியம் மட்டும் மிஞ்சும். நோயுற்ற வரிசையிலிருந்து காய் பறித்து விதைக்கு வைக்காதீர்கள்; நலமான மூலையில் நாலு செடியையாவது குறிகட்டி விதைக்கு ஒதுக்குங்கள். பையோடு ஒரு தாளையும் வையுங்கள். அதில் மிளகாயின் உள்ளூர்ப் பெயரை எழுதுங்கள். விதை யாரிடமிருந்து எத்தனை ஆண்டாக வருகிறது, போன ஆண்டும் அதற்கு முந்திய ஆண்டும் அந்த நிலத்தில் என்ன பயிர், கடைசியாக எப்போது மழை பெய்தது, எப்போது தண்ணீர் விட்டீர்கள், முதல் செடி எந்த நாளில் வாடியது, அது மடையிலிருந்து எத்தனை அடி தூரத்தில் நின்றது, இலை பச்சையாகத் தொங்கியதா மஞ்சளாகித் தொங்கியதா, வேரில் முடிச்சு உண்டா, குவளைத் தண்ணீரில் பால் இறங்கியதா, ஏற்கெனவே என்ன மருந்தை எந்தத் தேதியில் ஊற்றினீர்கள் என்பதை எல்லாம் எழுதுங்கள்.